சனிக்கிழமை பென்ஸ்

சாவியைத் திருப்பி உருவி எடுத்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கோவை கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு குறுக்குத் தெரு. இந்தப் பக்கம் பேக்கரி, எதிரே ஒரு ஒர்க்‌ஷாப், அதை ஒட்டி லேத். பங்குனி மாதம், காலை ஒன்பதரை மணிக்கே வெயில் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் டீ கிளாஸோடு பேக்கரி வாசலில் நின்றிருந்தேன். சாவி கையில் இருக்கும்போதே ஓடுகிற காரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரியவருக்குப் பதற்றம் இல்லை. இறங்கினார், பானெட்டைத் தூக்கினார், உள்ளே டீசல் பம்பின் ஓரமாகக் கையை விட்டு ஒரு சின்ன லீவரை அழுத்தினார். எஞ்சின் இரண்டு முறை குலுங்கி அடங்கியது. சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு கையை ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டில் துடைத்தார். அந்தத் துடைப்பில் விரல் விரலாக ஒரு ஒழுங்கு இருந்தது. இந்த ஊரில் அப்படிக் கை துடைக்கிறவர்கள் பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்தவர்கள்.

கார், மெர்சிடிஸ் பென்ஸ் 240டி. தந்த நிறம். இடது பின்கதவு மட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில் இருந்தது. பின் பம்பரில் ஒரு பள்ளம். நான்கு டயரும் புதுசு.

அதன் பிறகு ஆடி வரைக்கும் பெரும்பாலான சனிக்கிழமைகளில் அதே இடத்தில் நின்று டீ குடித்தேன். ஒருமுறையும் அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் எனக்காகக் கொஞ்சம் மாறியிருப்பார். அது வேண்டாம் என்று தோன்றியது.

தெரிந்த அளவு பேக்கரிக்காரர் சொன்னது. ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். மில்லை மூடினார்கள். ஷெட்டில் வருடக்கணக்காக நின்றிருந்த இந்தக் காரை, எடைக்குப் போட இருந்த கடைசி நேரத்தில், ஒரு புது ஸ்கூட்டர் விலை கொடுத்து இவர் எடுத்துக்கொண்டார். பி.எஃப். பென்ஷன் கைச்செலவுக்குக்கூடப் பத்தாது. வீட்டுக்குப் பின்னால் மூன்று லைன் வீடு கட்டி விட்டிருக்கிறார். அதில் ஒரு வீட்டு வாடகை இந்த வண்டிக்கு. அதற்குமேல் ஒரு ரூபாயும் கிடையாது என்பது வீட்டம்மாவோடு செய்துகொண்ட ஒப்பந்தமாம்.

ஒரு லைன் வீட்டு வாடகையில் பென்ஸ் ஓட்டுவது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், நடக்காத காரியம் என்றுதான் அன்று சொல்லியிருப்பேன்.

இரண்டாவது சனிக்கிழமை, எஞ்சின் அணையாததற்குக் காரணம் தேடினார்கள். இந்தக் காரில் எஞ்சினை அணைப்பது மின்சாரம் அல்ல, காற்று. சரியாகச் சொன்னால் காற்றில்லாத வெற்றிடம். எஞ்சின் முகப்பில் ஒரு சின்ன வேக்யூம் பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அந்த வெற்றிடம் ஒரு குழாய் வழியாகப் போய் டீசல் பம்பின் வாயை மூடும். அதே வெற்றிடம்தான் டிரைவர் கதவு தவிர மற்றக் கதவுகளைப் பூட்டுகிறது, பிரேக்குக்கும் கை கொடுக்கிறது. வழியில் எங்காவது கசிந்தால் சாவி திரும்பியும் எஞ்சின் நிற்காது. அதற்காகத்தான் அந்த லீவர். அதன் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டே நின்றால் குழாய் நல்லது. விட்டுப்போனால் கசிவு. ஆறேழு குழாய் இப்படிப் போனது. கடைசியில் கதவுகளுக்குப் போகிற குழாயில் நாக்கு நிற்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தேடிக்கொண்டு போனார்கள். இடது பின்கதவுக்குள், பூட்டை இழுக்கிற டப்பாவில் இருக்கும் ரப்பர் டயாஃபிரம் கிழிந்திருந்தது. நாற்பது வருட ரப்பர், வெயில் தின்றுவிட்டது.

பின்கதவில் ஓட்டை, முன்னால் எஞ்சின் நிற்கவில்லை. எனக்கு வீட்டில் பாட்டி சொல்வது நினைவுக்கு வந்தது: தலை வலிக்கு வயிற்றைப் பார்.

“இந்தக் கொழாயில ஒரு ஸ்க்ரூவச் சொருகி அடச்சுட்டா வண்டி நிக்குமுங்ணா. கதவ மட்டும் கையில பூட்டிக்கோணும். நெறையப் பேரு அப்படித்தானுங் ஓட்டறாங்க” என்றார் மெக்கானிக்.

“இன்னைக்கு அடச்சு வெய்யி தம்பி. ரப்பர நான் பாத்துக்கறேன்.”

கிழிந்த ரப்பரைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்த வாரங்களில் அவர் செய்தது எல்லாம் மில் வேலைதான் என்று எனக்குப் புரிய வந்தது. மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமை யாரும் அது நின்ற பிறகு பார்ப்பதில்லை. இந்த வாரம் ஸ்பிண்டிலுக்கு எண்ணெய், அடுத்த வாரம் பேரிங், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்து மாட்டுவது என்று நாள்காட்டியில் எழுதி வைத்துச் செய்வார்கள். அந்தக் குட்டி நோட்டு அவருடைய நாள்காட்டி. ஒரு சனிக்கிழமைக்கு ஒரே வேலை. ஒரு வாரம் முன்சக்கர பேரிங்குக்கு கிரீஸ். ஒரு வாரம் டீசல் ஃபில்டர். ஒரு வாரம் எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வைகாசியில் ஒருநாள் அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதற்காக முந்தின நாளே வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். வால்வ் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை கேமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தார். இன்டேக் பக்கம் இருக்க வேண்டிய இடைவெளி 0.10 மில்லிமீட்டர்தான். தகட்டை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு இறுக்கம் அது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ஒன்றரை மணி நேரம் ஆனது. மெக்கானிக் பக்கத்தில் நின்று எஞ்சினைக் கையால் சுற்றிக் கொடுத்ததோடு சரி. கூலி கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். பெரியவர் ஸ்பேனர் பெட்டிக்குமேல் பணத்தை வைத்துவிட்டுப் போனார்.

நோட்டில் முதலில் வருவது பிரேக், டயர், ஸ்டியரிங், ரேடியேட்டர். அதற்குப் பிறகு எஞ்சின். ஏ.சி. பட்டியலிலேயே இல்லை, அந்தக் காரில் எப்போதும் நான்கு கண்ணாடியும் இறங்கியே இருந்தன. பம்பரின் பள்ளத்துக்கு நான் பார்த்த ஐந்து மாதத்தில் முறை வரவில்லை. கையில் இருக்கிற காசைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழிக்கவே நம் எல்லோருக்கும் ஆசை. அவருக்கு அந்த ஆசை இல்லாததுதான், இந்த வண்டி இன்னும் ஓடுவதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் அவர் கையில் இல்லை. அது இந்த நாட்டில், இந்த மண்டலத்தில் இருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு பென்ஸ் நட்சத்திரம் பணக்காரர் வீட்டு வாசலில் வந்து அறிமுகமானது அல்ல. அது லாரியில் வந்தது. 1954 முதல் 1969 வரை டாடா லாரிகள் டைம்லர்-பென்ஸ் கூட்டில்தான் தயாராயின. மூக்கில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வயதானவர்கள் இன்றைக்கும் ‘பென்ஸ் லாரி’ என்பார்கள். நெல்லும் பருத்தியும் ஏற்றிய வண்டி. அதைப் பிரித்து மாட்டக் கற்றவர்களின் பிள்ளைகளும் சிஷ்யர்களும்தான் இந்த ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நட்சத்திரத்தைப் பார்த்துக் கை நடுங்காது.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. 240டி-யின் எஞ்சினுக்கு ஓ.எம். 616 என்று பெயர். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். இதே எஞ்சினை பஜாஜ் டெம்போ நிறுவனம், இப்போதைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் வாங்கி இந்தியாவிலேயே செய்தது. 1987-ல் வந்த டெம்போ டிராவலர் வேனிலும் டிராக்ஸ் ஜீப்பிலும் அது ஓடியது. ஊட்டி மலை ஏறுகிற சுற்றுலா வேன், ஸ்கூல் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற வேன், ஆம்புலன்ஸ் என்று எத்தனையோ வண்டிகளின் வயிற்றில் இந்தக் காரின் இதயம் துடித்தது. நாடு முழுக்க வேன்கள் ஓடியதால் அதன் சாமான்கள் வேன் விலையில் கிடைத்தன. எல்லாமும் அப்படியே பொருந்திவிடாது. அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரியவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன வெர்னியர் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு பழைய ஸ்கூல் வேனும் இந்தக் காரும் பானெட் திறந்து அடுத்தடுத்து நின்றன. வேன் டிரைவர் ரேடியேட்டரில் ஊற்றக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாமுங், கூலன்ட்ட ஊத்துங்க” என்று மெக்கானிக் தடுத்தார். பெரியவர் தன் டிக்கியிலிருந்து மீதி இருந்த கூலன்ட் கேனை எடுத்து அவரிடம் நீட்டினார். இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் ஓடின. கண்ணை மூடிக் கேட்டால் எது வேன், எது பென்ஸ் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் காரின் வரிசையை 1976-லிருந்து 1986 தொடக்கம் வரை ஏறக்குறைய 27 லட்சம் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இது டாக்ஸியாக ஓடிய வண்டி. இதற்கு முந்தின தலைமுறை 240டி ஒன்றை, 1976 மாடல், கிரீஸ் நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2004-ல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்தார். பெரியவரின் காருக்கு 72 குதிரைசக்திதான். இன்றைய சின்னக் கார்கள் இதை மேட்டில் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். வேகத்துக்கு அல்ல, நாள்தோறும் உழைப்பதற்குச் செய்த கார். அதன் சொகுசு அதன் தாங்கும் சக்தியில் இருந்தது. அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் 2015-ல் திறந்தபின் ஒருமுறை போய் அரைநாள் நின்றிருக்கிறேன். அருமையாகப் பராமரிக்கிறார்கள். ஆனால் அங்கே டீசல் வாசனை வராது. இந்தத் தெருவில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஆனியில் ஒரு இளைஞர் இன்னொரு ஜெர்மன் காரோடு வந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் பழசு, பளபளப்பான கறுப்பு. ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கிடைத்ததென்று வாங்கியிருக்கிறார். டாஷ்போர்டில் நான்கு எச்சரிக்கை விளக்கு. ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது, காற்று சஸ்பென்ஷன். மெக்கானிக் ஒரு தொகை சொன்னார். அந்தப் பையனின் முகத்தை நான் பார்த்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட முகம். காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது, அதன் ஸ்பேரின் விலை இறங்குவதில்லை என்பதை வாங்கும்போது அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். “கண்ணு, எதையும் கழட்டறதுக்கு முன்னால பேட்டரி வோல்ட்டேஜப் பாரு.”

பார்த்தார்கள். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. அந்தக் கால கார்களுக்கு பேட்டரி சோர்ந்தால் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வைத்த கார்களில் வோல்ட்டேஜ் குறைந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புகார்களெல்லாம் எழும். புது பேட்டரி போட்டதும் இரண்டு விளக்கு அணைந்தது. மற்ற இரண்டும் அப்படியே எரிந்தன. கார் கவர் போட்டு மூலையில் நின்றுவிட்டது. வாரா வாரம் அந்தப் பையன் வந்து கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு அந்தக் காரின்மேல் உண்மையான பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்துக்குத் துணைக்கு இந்த ஊரில் ஒரு வேன் ஓடவில்லை, அதுதான் குறை.

பழைய காருக்கு அரசாங்கச் செலவும் உண்டு. பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் 2022-ல் வைத்த விகிதப்படி வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ள 2021-ல் வந்த விதி ஐம்பது வருடம் கேட்கிறது. ஐம்பது ஆனாலும் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத் தவிரத் தினசரி எடுத்துப்போக முடியாது. இவர் வாரம் ஒருமுறை வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு சூலூர் தாண்டித் தோட்டத்துக்குப் போய்வருகிறவர். நிறுத்தி வைத்த வண்டிதான் சீக்கிரம் சாகும் என்று அவர் மெக்கானிக்கிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. சீல் காயும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டேங்க்கில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

சட்டம் பாதுகாப்புக்காகக் கேட்கிற சோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வால்வ் இடைவெளியை விரலால் அறிந்து வைத்திருக்கிற ஒருவருடைய வண்டியையும், வருடக்கணக்கில் எண்ணெய் மாற்றாத வண்டியையும் வயதை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெருவுக்குள் புகுந்து, பேக்கரியின் பேப்பர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்குப் பெரியவர் வண்டியிலிருந்து இறங்கியதும் தீப்பெட்டியை நீட்டினார்.

உள்ளே மூன்று ரப்பர் டயாஃபிரம். கறுப்பாக, புதுசாக, கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கதை துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. பக்கத்து லேத்தில் சின்னதாக ஒரு அச்சு கடைந்தார்கள். பழைய ரப்பர் சுருங்கியிருந்ததால் அளவை அவரே கணக்குப் போட்டுத் தந்தார். மோல்டிங் செய்கிற ஒருவர், மில்லில் உடன் வேலை பார்த்தவரின் மகன், நைட்ரைல் ரப்பரில் அழுத்திக் கொடுத்தார். முதல் தடவை கனம் கூடிவிட்டது, மடங்கவில்லை. அச்சை மறுபடி கடைந்தார்கள். அதற்கே நான்கு மாதம். வெளிநாட்டிலிருந்து முழு டப்பாவாகவே வாங்கலாம். பணம் இருக்கிறவருக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். இவரிடம் இருந்தது நான்கு மாதமும், இந்த ஊர் மனிதர்களும்.

“அவிய காசு வாங்குனாங்ளா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“அச்சுக்கு மட்டும். ரப்பருக்கு வேண்டாம்னுட்டான்.”

ஒர்க்‌ஷாப் பையன் கதவின் உள்பலகையைக் கழற்றினான். பதினேழு, பதினெட்டு வயது. பெரியவர் டயாஃபிரத்தை மைக்ரோமீட்டரில் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் கொடுத்தார். டப்பாவுக்குள் அமர்த்தி மூடினார்கள். குழாயிலிருந்த ஸ்க்ரூவைப் பிடுங்கினார்கள். பையன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பத்து எண்ணும் நேரம். இருபது. நாக்கை நீட்டியபடியே தலையை ஆட்டினான்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். ஹீட்டர் விளக்கு அணைகிற வரை காத்திருந்தார். எஞ்சின் பிடித்தது, கறுப்பாக ஒரு வாய்ப் புகை, பிறகு சீரான சத்தம். இரண்டு நிமிடம் ஓடவிட்டார். சாவியைத் திருப்பினார்.

நின்றது. லேத் ஓடுகிற சத்தம் மட்டும் தெருவில் இருந்தது.

இன்னொரு முறை ஸ்டார்ட் செய்தார். திருப்பினார். நின்றது.

இறங்கி, டிரைவர் கதவை மூடி, சாவியைப் போட்டுத் திருப்பினார். மெல்லிய ஒரு பெருமூச்சு. முன்னால் இருந்த பொத்தான் இறங்கியது, பிறகு வலது பின்பக்கம். இடது பின்கதவின் பொத்தான் அசையவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மூச்சு நேரம் கழித்து, கடைசியாக, மெதுவாக, அதுவும் இறங்கியது.

பெரியவர் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கதவின் பிடியை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, கிலோமீட்டரைப் பார்க்க ஜன்னல் வழியாகக் குனிந்து, பென்சிலால் எழுதத் தொடங்கினார்.